நட்டுக்கு வைத்த சந்தனம்

"நட்டுக்குமா வைக்கணும்?"

"வைட்டி. ஒண்ணையும் விட்டுராத. சக்கரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதே இந்தப் பதினாறுதான்."

"அப்போ, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழுன்னு காரையே வாழ்த்திருவோம்."

"வாழ்த்து. அது வாழ்ந்தாத்தான நாம வாழ முடியும்?"

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், புதுக் கார் சங்கரன்கோவில் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று பொன்மணியும் அவள் கணவன் மகாராஜனும் பேசிக்கொண்டது இது. அன்றைக்கு அவள் ஒவ்வொரு நட்டுக்கும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தாள். நட்டுகள் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாற்போலப் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் அவள் முகம் குட்டியாகத் தெரிந்தது.

இன்று தேவர்குளம் தாண்டி, காற்றாலைக் கம்பங்களுக்கு நடுவே சாலையோரம் நின்றபோது அந்தப் பேச்சு அவளுக்கு நினைவுக்கு வந்தது. நினைவு வந்ததே எரிச்சலாகவும் இருந்தது. அந்தப் பதினாறில் ஒன்றோடுதான் மகாராஜன் அரை மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை. மணி ஏழே முக்கால். எட்டரைக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். முன்பக்க இடது டயரில் ஆணி ஏறியிருந்தது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. பத்து நிமிட வேலை. ஸ்பேனர் நட்டில் ஏறினால்தானே?

உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். பிறகு கல்லை எடுத்துத் தட்டினான். முதல் இரண்டு நட்டுகள் எப்படியோ கழன்றுவிட்டன. மூன்றாவதில் ஸ்பேனர் பாதி ஏறியது. அதன் கம்பியின்மேல் ஏறி நின்று உடம்பின் பாரத்தை இறக்கினான். ஸ்பேனர் வழுக்கிப் பறந்தது. அவன் முழங்கால் தார்ச்சாலையில் போய் மோதியது.

"எழவெடுத்த நட்டு!"

பின்சீட்டில் கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே தொங்கப் போட்டிருந்த வேல்சாமி சிரித்தார். பனவடலிசத்திரத்துக்காரர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார். பதினோரு மாதமாக அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது மகாராஜனின் கார்தான். கல்யாண சவாரி வரும், வராமலும் போகும். வேல்சாமி சவாரி தவறாது. கார்த் தவணையும் வீட்டு அரிசியும் அதை நம்பித்தான் இருந்தன.

"ஏலே மகாராசா, எனக்குக் காலு வீங்குது, உன் காருக்கு நட்டு வீங்குது. பேசாம ரெண்டு பேரையும் ஒரே வார்டுல சேத்துரு."

"இந்த நேரத்துலயும் வாயைப் பாரு," என்றாள் அவர் மனைவி தங்கத்தாய். மடியில் ஒயர்கூடை, அதில் மருத்துவ ஃபைலும் இட்லிப் பொட்டலமும். "நேரம் போச்சுன்னா மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. போன மாசம் ஒருநா அப்படித்தான ஆச்சு?"

போன மாதமும் இதே நட்டுதான் காரணம். மகாராஜன் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ் தூரத்தில் தெரிந்தது. மகாராஜன் நடுரோட்டுக்கு ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தான். பஸ்ஸில் காலேஜ் கூட்டம். வேல்சாமியின் கால் முதல் படி உயரத்துக்கு எழும்பவில்லை. மகாராஜன் குனிந்து இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கிப் படியில் வைத்தான். தொட்ட இடத்தில் விரல் பதிந்து, சதை மேலே எழும்பாமல் குழியாகவே நின்றது. வெள்ளை வேட்டியில் அவன் கைக்கரி ஐந்து விரலாக ஒட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, முன்னால போங்க, நான் பின்னாலயே வந்துருதேன்."

"நட்டு விட்டா வருவ," என்றார் வேல்சாமி. பஸ் நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியே அவர் தெரிந்தார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போன் போட்டு மானூர் பக்கத்திலிருந்து வரவழைத்த பஞ்சர் கடைக்காரர் முகம்மது அப்சல், டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் சாமான் பையோடு வந்து இறங்கும்போது எட்டே கால். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த மாடலா? இந்த மாசம் எனக்கு இது நாலாவது வே."

"நாலாவதா?"

"பத்தொம்பது ஸ்பேனர் ஏறாது, இருபத்தொண்ணு நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல வீங்கி உக்காந்திருக்கும். பாத்துக்கிடுங்க."

பெரிய பாக்ஸ் ஸ்பேனரை நட்டின்மேல் வைத்துச் சுத்தியலால் நான்கு போடு போட்டார். திருகும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டின் பளபளப்பு, மிட்டாய்த் தாளைப் போலத் தனியாக உரிந்து வந்தது. உள்ளே துருப்பிடித்த, பழுப்பேறிய, சின்னதான வேறொரு நட்டு இருந்தது. அப்சல் அந்தத் தகரத் தோலைப் பொன்மணியின் கையில் கொடுத்தார்.

"பாருங்கம்மா. இது நட்டில்ல, நட்டுக்குப் போட்ட சட்டை. அழகுக்குப் போட்டிருக்கான். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல மழைத்தண்ணி இறங்கும். உள்ள துரு புடிச்சு வீங்கும். எந்த ஸ்பேனரு ஏறும்? ஒத்தை உருக்குல செஞ்சிருந்தா இந்தப் பாடு கெடையாது."

"சந்தனம் வச்சா வீங்குமாண்ணே?" என்று பொன்மணி கேட்டாள்.

"சந்தனமா?" அப்சல் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "நேத்து ஒரு டாக்டரு வண்டி. அதுக்கு எவன் சந்தனம் வச்சான்?"

மகாராஜன் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஒரு மாதத்துக்கு முன், முதல் தடவை நட்டு மாட்டிக்கொண்டபோது, கார்க் கம்பெனியின் திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு அவன் தனியாகப் போயிருந்தான். அங்கே அட்வைசர் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஆள் நட்டுகளைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, "சந்தனம், குங்குமம், மஞ்சள்தண்ணி எல்லாம் கெமிக்கல் சார். அது உள்ள இறங்கித்தான் இப்படி ஆயிருக்கு. கஸ்டமர் தப்புக்கு வாரண்டி கிடையாது," என்று அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்த மகாராஜன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உன் பக்தியில என் பொழப்பு போச்சுட்டி," என்றான். வைக்கச் சொன்னதே நீங்கள்தானே என்று பொன்மணி கேட்கவில்லை. மறுநாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய், பதினாறு நட்டிலும் ஒன்றரை வருட வெள்ளிக்கிழமைகளைத் தேய்த்துக் கழுவினாள். அதோடு சந்தனக் கிண்ணம் பரணுக்குப் போயிற்று.

நாலாவது நட்டை அப்சல் திருப்பியபோது மடக்கென்று ஒரு சத்தம். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து ஒடிந்து கையில் வந்தது.

"அல்லாவே," என்றார். "என் மேல குத்தமில்ல. மூணு நட்டுல மாட்டித் தாரேன். மெதுவாப் போங்க. மத்த மூணு சக்கரத்துலயும் இதே கதைதான் நடக்கும். கம்பெனிக்காரனையே கழட்டி மாத்தச் சொல்லுங்க. அவன் செஞ்ச வினையை அவன்தான் தீக்கணும்."

கூலியாக டீக்காசு மட்டும் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். பொன்மணி அந்தத் தகரத் தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அவள் கூட வந்ததே, வேல்சாமியை இறக்கிவிட்டுச் சர்வீஸ் சென்டருக்கு இரண்டாம் தடவை போவதற்காகத்தான். மகாராஜனுக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடித்துவிடும். நைட்டி தைக்கிற வேலையை ஒருநாள் போட்டுவிட்டு அவள் கிளம்பியிருந்தாள்.

ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாது. மூன்று வாரமாக அது அவள் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியில் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் சார் இருக்கிறார். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அவர் மனைவி பிளஸ்ஸி டீச்சர். அவர்களிடமும் இதே கார், இதே வெள்ளை நிறம், இதே அலாய் சக்கரம். மகாராஜன் எடுத்த மறுமாதம் எடுத்தது. ஒன்றுக்கு மஞ்சள் போர்டு, ஒன்றுக்கு வெள்ளை போர்டு. காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்து நின்றால் அதுதான் அடையாளம். மூன்று வாரத்துக்கு முன், தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க மேலே போனபோது, பிளஸ்ஸி டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சார் வண்டியிலும் நட்டு வீங்கியதாம். சார் கம்பெனியின் பெரிய ஆபீசுக்கு இங்கிலீஷில் மெயில் போட்டாராம். பத்தே நாளில் பதினாறையும் ஒத்தை உருக்கில் செய்த கறுப்பு நட்டாக, ஒரு பைசா வாங்காமல் மாற்றித் தந்துவிட்டார்களாம்.

"ஆனா வெளிய சொல்லக் கூடாதுன்னு சார்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க பொன்மணி. தெரிஞ்சா கேஸ் போடுவாங்களாம். சார் பயந்த மனுஷன். உங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லிராதீங்க. நாங்க சத்தியம் வாங்குறதில்ல, உங்க வார்த்தை போதும்."

பொன்மணி வார்த்தை கொடுத்தாள். மூன்று வருடமாக வாடகையைக் கூட்டாதவர்கள். மகளைப் பள்ளியில் சேர்க்க சார்தான் அலைந்தார். மகாராஜனிடம் சொன்னால் அவன் மாடிப்படியில் நின்று சத்தம் போடுவான் என்பதும் தெரியும். நட்டு மாற்றி வந்த நாளிலிருந்தே ஜஸ்டஸ் சார் தன் காருக்குத் தரை தொடும் அளவுக்குச் சாம்பல் நிற உறை போட்டு மூடிவைத்தார். "காக்கா எச்சம் போடுதுன்னு சாரு என்னமாப் பாக்காரு பாரு," என்று மகாராஜன் மெச்சிக்கொண்டான்.

கம்பெனி நட்டை மாற்றித் தந்ததற்கான காகிதத்தைக் கேட்க அவள் நான்கு தடவை மாடியேறினாள். நான்கு தடவையும் ஊக்கு, உப்பு, கறிவேப்பிலை என்று வேறு எதையாவது கேட்டுவிட்டு இறங்கினாள்.

சர்வீஸ் சென்டரில் குளுகுளுவென்று ஒரு கண்ணாடி ஹால். சோபா, டி.வி., காபி மிஷின். வாசலில் நின்ற செக்யூரிட்டி மஞ்சள் போர்டைப் பார்த்ததும், "டிரைவருங்களுக்கு அங்கன ஷெட்டுல பெஞ்சு கெடக்கு," என்றார்.

"நான்தான்வே ஓனரு," என்றான் மகாராஜன்.

"ஓனரா?" செக்யூரிட்டி கதவை விட்டார். அவன் கரி பிடித்த கையைப் பார்த்து, சோபாவையும் பார்த்தார். மகாராஜன் உட்காரவில்லை.

அதே அட்வைசர் கையில் ஒரு டேப்லட்டோடு வந்தான். வண்டி எண்ணைத் தட்டினான்.

"சார், இது வாரண்டி முடிஞ்ச வண்டி."

"ரெண்டு வருஷம்னு சொன்னீங்க. ஒண்ணரைதான ஆச்சு?"

"ரெண்டு வருஷம் அல்லது நாப்பதாயிரம் கிலோமீட்டர், எது முந்துதோ அது. உங்க வண்டி நாப்பத்தோராயிரத்து எரநூறு ஓடியிருக்கு."

"போன மாசம் வந்தப்ப முப்பத்தொம்பதுதான் ஓடியிருந்துச்சு. நீங்கதான போட்டோ புடிச்சீங்க?"

"போட்டோ புடிச்சேன். ஜாப் கார்டு போடலையே சார். போடாததுனால நீங்க அன்னைக்கு வந்ததா சிஸ்டத்துல இல்ல."

"நான் வந்தேனா இல்லையா? உங்க கண்ணு முன்னால நின்னேனா இல்லையா?"

"நின்னீங்க சார். சிஸ்டத்துல இல்ல."

மகாராஜனின் கழுத்து நரம்பு புடைத்தது. பொன்மணி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"தம்பி, சந்தனத்தால வீங்குச்சுன்னு சொன்னீங்களாமே," என்றாள். "ஒரு மாசமா நான் சந்தனமே வைக்கல. கழுவிட்டேன். அதுக்கப்புறமும் வீங்கிட்டேதான இருக்கு?"

"ஏற்கெனவே உள்ள இறங்குனது மேடம். சந்தனம் அப்படித்தான்."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"நாலு சக்கரமும் கழட்டணும். கழட்டும்போது போல்ட் ஒடிஞ்சா, சக்கரம் மாட்டுற ஹப்பையே மாத்தணும். பார்ட்ஸ் வர பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். வண்டி இங்க நிக்கணும். எல்லாம் உங்க செலவு. எஸ்டிமேட் போட்டுத் தரட்டுமா?"

பத்துப் பன்னிரண்டு நாள். அதற்குள் மூன்று, நான்கு தடவை வேல்சாமி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மகாராஜன் வெளியே போய்விட்டான்.

பொன்மணி பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். பின்பக்கம், வேலை நடக்கும் கூடத்தை ஒட்டி என்றார்கள். திரும்பி வரும்போது சுவரோரம் ஒரு பெயிண்ட் டப்பா இருந்தது. இருபது லிட்டர் டப்பா. கழுத்து வரைக்கும் நட்டுகள். தோல் உரிந்தவை, வாய் பிளந்தவை, அம்மை போட்ட மாதிரி புடைத்தவை. குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள். எதிலும் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை.

அள்ளிய கையோடு அட்வைசர் முன்னால் வந்து நின்றாள்.

"இம்புட்டுக்கும் யாரு சந்தனம் வச்சது தம்பி?"

ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அட்வைசர் அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"மேடம், ஒர்க்‌ஷாப் உள்ள நீங்க போகக் கூடாது. சேஃப்டி."

"அதை விடுங்க. யாரு வச்சது?"

"அதெல்லாம் ஸ்கிராப் மேடம். அங்க வச்சிருங்க," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் சம்பளத்துக்கு இருக்கேன். மேல இருந்து என்ன சொல்லச் சொல்லுதாங்களோ அதைத்தான் நான் சொல்ல முடியும். யாருக்காவது மாத்திக் குடுத்த பேப்பர் ஏதாவது கையில இருந்தா கொண்டாங்க, மேனேஜர்கிட்ட பேசலாம். பேப்பர் இல்லாம நான் என்ன செய்ய?" என்றான்.

பேப்பர். பொன்மணி நட்டுகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவள் வாயைத் திறந்திருந்தால் வண்டி நாற்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது. அந்தக் கணக்கு மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. கை கழுவ மறந்து வெளியே வந்தாள்.

மகாராஜன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி வழியே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"டீ குடிக்கியா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வடையும் சொல்லுதேன்," என்றான்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவன் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். பொன்மணி வடையைப் பிட்டு வாயில் போட்டாள். மீதியைத் தாளில் சுற்றி வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் வேல்சாமியின் நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒரு மணிக்குத்தான் மிஷின் கிடைத்தது. முடிந்து வெளியே வரும்போது ஐந்தரை. வெளிறிப்போய், வாய் உலர்ந்து, தங்கத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கார் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டு முந்திப் போயின.

"கோயம்புத்தூர்ல இருந்து மகன் போன் போட்டான்," என்று தங்கத்தாய் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பாவ பஸ்ஸுல நிக்க வச்சாச்சான்னு கத்துதான். வெள்ளிக்கிழமைக்கு வேற வண்டி சொல்லட்டான்னு கேக்கான். நான் என்னத்தச் சொல்ல, பொன்மணி? உங்களை விட்டா எங்களுக்கும் கைகால் ஓடாது. ஆனா இவுக உசுரு அந்த மிஷினுலல்லா இருக்கு."

"நீங்க சொல்லுறது நியாயம்தான்க்கா," என்றாள் பொன்மணி.

வேல்சாமி கண்ணைத் திறக்காமலே பேசினார். "ஏலே, வெள்ளிக்குள்ள நட்டை மாத்திருவியா? ஆமாவா, இல்லையா, ஒரு சொல்லு சொல்லு. நான் அவன்கிட்ட பேசிக்கிடுதேன்."

"மாத்திருவேன் அண்ணாச்சி."

அவன் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னான் என்று பொன்மணி திரும்பிப் பார்த்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

புதன்கிழமை விடிந்ததும் அந்த உறுதி எதில் நின்றதென்று தெரிந்தது. ஒரு பெரிய சுத்தியல், ஓர் உளி, பக்கத்துத் தெரு லாரி டிரைவரிடம் இரவல் வாங்கிய நீளமான இரும்புக் குழாய். தெரிந்த கடையில் சாதா நட்டுகள் பதினாறு வாங்கிவந்து பொட்டலமாக வைத்திருந்தான். பின்சக்கரத்தில் ஆரம்பித்தான். முதல் நட்டுக்கே முக்கால் மணி நேரம். தோல் உரிந்து, உளி பாய்ந்து, ஒருவழியாக அது கழன்றது.

"வந்துட்டுல்லா! பாத்தியா!" என்று சின்னப்பிள்ளை மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தான். நெற்றியெல்லாம் கரி.

இரண்டாவது நட்டுக்குக் குழாயை மாட்டி, மூச்சைப் பிடித்து மிதித்தான். நேற்றுக் கேட்ட அதே மடக் சத்தம். போல்ட் ஒடிந்தது. மூன்றாவதற்கு அவன் குழாயை மாட்டும்போதே, "வேண்டாங்க, விட்டுருங்க," என்று பொன்மணி சொன்னாள். அவன் கேட்கவில்லை. மறுபடி மடக். அந்தச் சக்கரத்தை இனி இரண்டு போல்ட்தான் தாங்க வேண்டும். முன்னால் மூன்று. இந்த நிலையில் காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்குக்கூட வண்டியை எடுக்க முடியாது.

மகாராஜன் ஒடிந்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"கோகுலுக்குப் போன் போட்டு வேற வண்டி பாக்கச் சொல்லிரட்டுமா?" என்றான் துண்டுக்குள்ளிருந்து. கோகுல் என்பது வேல்சாமியின் மகன்.

"பொறுங்க."

"என்னத்தப் பொறுக்க? நாளைக்கு ஒருநா இருக்கு. ஆகாசத்துல இருந்தா நட்டு விழப்போவுது?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜஸ்டஸ் சார் வாளியும் துணியுமாக இறங்கி வந்தார். புதன்கிழமைதோறும் ஆபீஸ் போகுமுன் வண்டியைத் துடைப்பது அவர் வழக்கம். மகாராஜன் அந்த நேரத்தில் எப்போதும் சவாரியில் இருப்பான். இன்றைக்கு அவன் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மகாராஜன், இன்னைக்குச் சவாரி இல்லையா?"

"இல்ல சார். நட்டுதான். உசுர வாங்குது." எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டினான். "உங்க வண்டியும் இதே மாடல்தான சார்? உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

ஜஸ்டஸ் சாரின் கண் ஒரு நொடி தன் காரின் உறைமேல் போய் மீண்டது. "நான்... ரொம்ப ஓட்டுறதில்லையே. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு, அம்புட்டுதான்."

"அதுசரி. ஓடுற வண்டிக்குத்தான் சீக்கு வரும்," என்று மகாராஜன் சிரிக்கப் பார்த்தான். "கம்பெனிக்காரன் சந்தனத்தால வீங்குச்சுங்கான் சார். நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்க, சந்தனத்தால இரும்பு வீங்குமா?"

ஜஸ்டஸ் சார் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். தண்ணீர் கொஞ்சம் தளும்பி அவர் வேட்டியில் சிந்தியது. "ஒரு மெயில் போட்டுப் பாருங்களேன்," என்றார். "சில நேரம் கேப்பாங்க."

"நமக்கு மெயிலும் கியிலும் எங்க சார் தெரியுது?"

மாடி ஜன்னலில் பிளஸ்ஸி டீச்சரின் முகம் தெரிந்தது. பொன்மணியைத்தான் பார்த்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். வேண்டாம் என்கிறாளா, கெஞ்சுகிறாளா? பொன்மணிக்கு மகளின் பள்ளிக்கூட யூனிபார்ம் ஞாபகம் வந்தது. கூட்டாத வாடகை ஞாபகம் வந்தது. பஸ் படியில் ஏறாத அந்தக் காலும், குழியாகவே நின்ற அந்த விரல் தடமும் ஞாபகம் வந்தன.

ஜஸ்டஸ் சார் துடைக்காமலே திரும்பி மாடிப்படியில் கால் வைத்தார்.

பொன்மணி அவர் காருக்குப் பக்கத்தில் போனாள். குனிந்து, சாம்பல் உறையின் ஓரத்தைப் பிடித்துச் சக்கரத்துக்குமேல் தூக்கினாள். உள்ளே நான்கு நட்டுகள், கன்னங்கரேலென்று, ஒத்தை உருக்கில், ஒரு கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தன. பின்னால் மகாராஜனின் கையிலிருந்து ஒடிந்த போல்ட் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவன் அந்தச் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. மாடி ஜன்னலையும் பார்க்கவில்லை. உறையைப் பிடித்த கையை விடாமல், படியில் நின்றவரைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், உங்களுக்கு இதை மாத்திக் குடுத்தாவல்லா, அந்தப் பேப்பரை எங்களுக்குத் தாங்க."